இ20 பெட்ரோல், 10,000 ரூபாய் கட்டணம்... 20 வயசு காரை வெச்சுக்கலாமா, வேண்டாமா?

தாம்பரத்தில் என் மாமா வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது. 2001 மாடல் ஃபோர்டு ஐகான், 1.6 பெட்ரோல். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மாமா ஆர்.சி புக்கைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

“இந்த வருஷத்தோட ஆர்.சி முடியுது பாப்பா. எனக்கு ராத்திரியில எதிர் வண்டி லைட் அடிச்சா கண்ணு கூசுது. நீ எடுத்துக்கிறியா... இல்ல, காயலான் கடைக்குப் பேசிடட்டுமா?”

மாமா மறைமலை நகர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அந்தக் காரை அவர் ‘வண்டி’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘ஐகான்’ என்றுதான் சொல்வார். காயலான் கடை என்ற வார்த்தையை அவர் சாதாரணமாகச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனா, சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

‘சும்மா கிடைக்கிற கார்தானே, வாங்கிக்க வேண்டியதுதானே’ என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். புதுப்பிப்புக் கட்டணம், இன்ஷூரன்ஸ், இ20 பெட்ரோல், டெல்லி வழக்கு, கிடைக்காத ஸ்பேர் பார்ட்ஸ் என்று லிஸ்ட் நீண்டுகொண்டே போனது. ‘பழைய ஃபன் கார் ஒண்ணு வாங்கணும்’ என்று யூஸ்டு கார் ஆப்களை நோண்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கும் இந்தக் கணக்கு தேவைப்படும்.

இந்தக் காருக்கு என்ன அவ்வளவு மவுசு?

ஐகான் 1999-ன் கடைசியில் வந்தது. ஃபியஸ்டா ஹேட்ச்பேக்கின் அடித்தளத்தில், இந்தியாவுக்கென்றே டிக்கி வைத்து உருவாக்கி, சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் தயாரித்த செடான். விளம்பரத்தில் இதற்கு வைத்த பெயர் ‘ஜோஷ் மெஷின்’. 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், சுமார் 92 குதிரைத்திறன், ஏறக்குறைய ஒரு டன் எடை.

92 என்பது இன்றைக்குப் பெரிய நம்பர் இல்லை. இப்போது வரும் ஒரு லிட்டர் டர்போ இன்ஜின்களே 100-ஐத் தொடுகின்றன, தாண்டுகின்றன. ஆனால், அந்தக் காலத்தில் மிடில் கிளாஸ் வீட்டுக்குள் வந்த வேகம் இது. இதே வரிசையில் ஹோண்டா சிட்டி விடெக், ஃபியட் பாலியோ 1.6, டர்போவோடு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் எனச் சில பெயர்களைக் கார் பிரியர்கள் இன்னமும் மரியாதையாகச் சொல்வார்கள். பத்து வருஷம் கழித்து வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, புன்டோ அபார்த் எல்லாம் இவற்றின் தம்பிகள். எல்லாவற்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. எல்லாமே முன்சக்கரங்கள் இழுக்கும் கார்கள். அதாவது, ஃப்ரன்ட் வீல் டிரைவ்.

இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டும் முன்னால், குறுக்குவாட்டில். பின்பக்கம் வரை ஓடும் நீளமான ஷாஃப்ட் கிடையாது. எடை குறையும், உள்ளே இடம் கிடைக்கும், விலையும் குறையும். அதனால்தான் சாதாரணக் குடும்பக் காரின் உடம்பிலேயே பெரிய இன்ஜினை வைத்து ‘ஸ்போர்ட்டி’ காராக்க முடிந்தது. பதிலுக்கு ஒரு சிக்கல் உண்டு. காரை இழுப்பதும் அதே முன்சக்கரங்கள், திருப்புவதும் அதே முன்சக்கரங்கள்.

இந்தச் சிக்கல் என்னவென்று ஏலகிரியில்தான் எனக்குப் புரிந்தது.

14 வளைவு... ஒரு பாடம்

முடிவு எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று, மெக்கானிக் ஒருமுறை செக் பண்ணிய பிறகு, மாமாவைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினேன். வாணியம்பாடி தாண்டி ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்.

மூன்றாவது வளைவில் கொஞ்சம் ஆர்வக்கோளாறில் சீக்கிரமே ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டேன். ஏற்றத்தில் எடை பின்னால் போய்விடும். முன்சக்கரத்தின் பிடிமானம் குறையும். உள்பக்கச் சக்கரம் சுழன்று ‘கீச்’ என்றது. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தும் கார் வளைவுக்கு வெளியே நழுவப் பார்த்தது. இதற்குப் பெயர் அண்டர்ஸ்டீயர்.

“இன்னும் ஒடிக்காத. கால எடு, மெதுவா” என்றார் மாமா. காலை லேசாகத் தளர்த்தியதும் எடை முன்னால் வந்தது. முன்சக்கரம் சாலையைப் பிடித்தது. கார் தானாக வளைவுக்குள் மூக்கைத் திருப்பியது. காலைப் படக்கென்று முழுசா எடுத்தாலும் ஆபத்து. அப்போது பின்பக்கம் லேசாகி வெளியே வீசும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது. பத்தாவது வளைவுக்குள் கால் அதைக் கற்றுக்கொண்டது.

இன்றைய கார்களில் இந்தத் தவற்றை ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் சத்தமில்லாமல் சரிசெய்துவிடும். நீங்கள் தப்பு செய்தீர்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது. ஐகான் சொல்லிக் காட்டும். அதன் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் வழியாகச் சாலையின் சொரசொரப்பு கைக்கு வரும். வேகமாகப் போவதைவிட, என்ன நடக்கிறது என்று தெரிந்து ஓட்டுவதில்தான் இந்தக் கார்களின் மவுசு இருக்கிறது. மேலே போய் டீ குடித்தபோது எங்கள் சராசரி வேகத்தை யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆனா, அந்த ஒரு மணி நேரத்தில் நான் போனைத் தொடவே இல்லை.

சரி, மவுசு இருக்கட்டும். செலவுக்கு வருவோம்.

600 டு 10,000

தனியார் காருக்கு முதல் பதிவு 15 வருஷம். அதன்பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ-வில் வண்டியைக் காட்டி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மாமா கடைசியாக 2021-ல் புதுப்பித்தபோது மத்திய அரசின் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட்டில் வந்த அறிவிப்பின்படி, 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 10,000. பைக்குக்கு 2,000. இறக்குமதி கார் என்றால் 80,000! தமிழ்நாட்டில் பசுமை வரி தனி.

அடுத்து இன்ஷூரன்ஸ். கட்டாயமான தேர்டு பார்ட்டி பிரீமியம் 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய். 1,500 சிசி-யைத் தாண்டினால் 7,897 ரூபாய். ஐகான் 1.6, பாலியோ 1.6 எல்லாம் அந்தக் கோட்டை நூறு சிசி-க்குள் தாண்டி, இரண்டு மடங்குக்கும் மேல் கட்டுகின்றன. உங்கள் சொந்தக் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பாலிசி, இந்த வயசுக் காருக்குச் சுலபத்தில் கிடைப்பதில்லை.

இங்கே கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம். 10,000 ரூபாய் என்பது ஐந்து வருஷத்துக்கு. வருஷத்துக்கு 2,000. ஒரு நாளைக்கு அஞ்சரை ரூபாய். டீக்கடை டீயைவிடக் குறைவு. ஆசைக்காகப் பழைய கார் வைத்திருப்பவர் ‘அரசாங்கம் எங்களை ஒழிக்கப் பார்க்குது’ என்று புலம்புவதில் பெரிய நியாயம் இல்லை. ஒரு செட் டயருக்கே அதைவிட அதிகம் செலவழிப்பார்.

ஆனா, 20 வயசு கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஆசைக்காக வைத்திருக்கவில்லை. வேறு கார் வாங்க முடியாததால் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வயசான அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக ஒரு பழைய 800. கல்யாண சீஸனில் பாத்திரம் ஏற்ற ஒரு பழைய ஆம்னி. காரின் மார்க்கெட் விலையே நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் இருக்கும் இடத்தில் 10,000 ரூபாய் என்பது பெரிய அடி. ஆக, இந்தக் கட்டணத்தின் வலி என்னைப் போன்ற ‘கார் பைத்தியங்களுக்கு’ அல்ல, அவர்களுக்குத்தான். சோஷியல் மீடியாவில் சத்தம் போடுவது மட்டும் நாம்!

வயசா, புகையா?

டெல்லியில் நடப்பதைக் கவனித்தால் இந்த விவாதம் எங்கே போகிறது என்று தெரியும். அங்கே 10 வயசு தாண்டிய டீசல், 15 வயசு தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை, 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வண்டிகளுக்கு பங்க்கில் பெட்ரோலே போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்ப, சில நாள்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம், வயசை மட்டும் காரணமாக வைத்து நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில் அதையே திருத்தி, பாரத் ஸ்டேஜ்-4, அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு என்றது.

இந்தக் கடைசித் திருத்தம் முக்கியமானது. ‘உன் வயசு என்ன?’ என்ற கேள்வி, ‘நீ எவ்வளவு புகை விட அனுமதிக்கப்பட்டவன்?’ என்று மாறியிருக்கிறது. என் கணக்கில் இது சரியான திசை. ஆனால், ஐகானுக்கு இது நல்ல செய்தி இல்லை. சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு பாரத் ஸ்டேஜ்-4 வந்ததே 2010-ல்தான். 2001 கார் அதற்கு ரொம்ப முந்தியது.

எவ்வளவு வித்தியாசம்? பாரத் ஸ்டேஜ்-2 பெட்ரோல் காருக்கு ஹைட்ரோ கார்பனும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சேர்த்து கிலோமீட்டருக்கு 0.5 கிராம் வரை அனுமதி. இன்றைய பாரத் ஸ்டேஜ்-6 காருக்கு இரண்டும் சேர்த்து 0.16 கிராம். மூன்று மடங்கு. அதுவும், 24 வருஷம் ஓடிய காரின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் புதிதில் வேலை செய்தது மாதிரி இன்று செய்யாது. ‘என் கார் புகை டெஸ்ட்ல பாஸ்’ என்று நாம் காட்டும் சர்ட்டிஃபிகேட், பழைய கார்களில் நின்ற இடத்தில் ஐடிலில் எடுத்த அளவு மட்டும்தான். இதை மறைத்துவிட்டு ‘பழைய கார்தான் கெத்து’ என்று எழுதினால் அது நேர்மை இல்லை.

மறுபக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. மாமாவின் ஐகான் வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர்கூட ஓடாது. 0.5 கிராம் வீதம் பார்த்தால் வருஷத்துக்கு ஒரு கிலோ. தினமும் ஓ.எம்.ஆர் போய்வரும் புது கார் 15,000 கிலோமீட்டர் ஓடினால், 0.16 கிராம் வீதம் 2.4 கிலோ. இது அனுமதிக்கப்பட்ட உச்ச அளவை வைத்துப் போட்ட கணக்குதான். நிஜத்தில் கூடும், குறையும். ஆனால், விஷயம் புரியும். ஒரு கார் ஊருக்கு எவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதை அதன் பிறந்த தேதி மட்டும் முடிவு செய்வதில்லை. அதன் நிலையும், அது ஓடும் தூரமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

நம் சட்டத்தில் ‘விண்டேஜ்’ என்ற தனிப் பிரிவு 2021-லிருந்து இருக்கிறது. 50 வயசு தாண்டி, அசல் நிலை மாறாமல் இருக்கும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு. கண்காட்சிக்கும் ராலிக்கும் மட்டும் ஓட்டலாம் என்ற நிபந்தனை. நல்ல ஏற்பாடு. ஆனா, 20-லிருந்து 50 வரைக்கும்? முப்பது வருஷம் ஒரு கார், ‘பழசு’ என்ற அபராதத்தை மட்டும் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். குறைவாக ஓடும், நன்றாகப் பராமரிக்கப்படும் கார்களுக்கு ஓடோமீட்டரைப் பார்த்துக் கட்டணம், சாலையில் ஓடும் நிலையில் உண்மையான புகைப் பரிசோதனை... இப்படி ஒரு நடுவழி இருந்தால் என் ஐகானும் பிழைக்கும். டயாலிசிஸுக்குப் போகும் அந்த 800-ம் பிழைக்கும். டெஸ்ட்டில் தேறாத காரை ஒதுக்குவதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை, அது மாமாவின் காராகவே இருந்தாலும்.

இ20: இன்ஜினுக்கு வில்லனா?

இதுதான் இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி. 20% எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் தொடங்கி வைத்தார்கள். 2030-க்கு வைத்திருந்த இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025-லேயே தொட்டுவிட்டார்கள். சாதாரண பங்க்கில் ‘எனக்கு இ10 போடுங்க’ என்று தனியாகக் கேட்டு வாங்கும் வழி இல்லை. இதை எதிர்த்துப் போடப்பட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

உண்மை என்ன? ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே மைலேஜ் குறையும். எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, இ10-க்கு டியூன் செய்த கார்களில் 6-7% வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. ஆக்ஸிஜன் சென்சார் உள்ள எம்.பி.எஃப்.ஐ கார்கள் கலவையை ஓரளவு தாமாகவே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் கார்களுக்கு அந்த வசதி கிடையாது.

அடுத்து ரப்பர். பழைய ஃபியூயல் ஹோஸ், சீல், கேஸ்கெட் ஆகியவை எத்தனாலில் ஊறி உப்பலாம், இறுகி வெடிக்கலாம். சில பழைய வண்டிகளில் 20,000-30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு குறைவுதான் என்று பெட்ரோலிய அமைச்சகமும் சொல்லியிருக்கிறது. செலவு குறைவு என்பது, அந்தப் பாகம் கடையில் கிடைத்தால்தான்!

இதில் ஒரு வேடிக்கை. ஐகானில் இருக்கும் 1.6 இன்ஜின், ஃபோர்டின் ‘ரோகேம்’ குடும்பம். இதே குடும்பத்து இன்ஜின் பிரேசிலில் முழு எத்தனாலிலும் ஓடும் ‘ஃப்ளெக்ஸ்’ மாடலாக விற்கப்பட்டது. அந்த ஊரில் பெட்ரோலில் 20 சதவிகிதத்துக்கு மேல் எத்தனால் என்பது பல வருஷப் பழக்கம். 2025 ஆகஸ்ட்டில் 30% ஆக்கிவிட்டார்கள். அப்படியென்றால், எத்தனால் இந்த இன்ஜினின் பரம விரோதி அல்ல. பிரேசிலில் அதற்கேற்ற ஹோஸ், அதற்கேற்ற டியூனிங்கோடு கார் வெளியே வந்தது. இங்கே கார் முதலில் வந்துவிட்டது; எரிபொருள் பின்னால் மாறியது. அந்த இடைவெளிக்கான செலவு கார் ஓனரின் தலையில். கோபப்படுவதென்றால் இதற்குக் கோபப்படலாம்.

வீக் எண்ட் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அரை டேங்க் பெட்ரோலோடு மாசக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டேங்க்கில் தண்ணீர் சேரும், இரும்பு டேங்க் என்றால் துரு பிடிக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். நிறுத்தி வைத்தே ஆக வேண்டுமென்றால், டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள்.

நிஜமான எதிரி எங்கே?

ஏலகிரிக்குப் போகும் முன் காரைப் பார்த்த மெக்கானிக் அண்ணன், முன்சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினார். ஆக்ஸிலின் ரப்பர் பூட்டில் மெல்லிய விரிசல். “இதைத்தான் சிஸ்டர் முதல்ல பாக்கணும். பூட் கிழிஞ்சா கிரீஸ் வெளிய போயிடும், மண்ணு உள்ள போயிடும். அப்புறம் ஃபுல்லா ஒடிச்சுத் திருப்புறப்ப ‘டக் டக்’னு சத்தம் வரும். பூட்டோட போக வேண்டியது ஆக்ஸிலோட போயிடும்.”

“கம்பெனி மேல தப்பு சொல்லலாமா?” என்று கேட்டேன். சிரித்தார். “இருபத்து நாலு வருஷ ரப்பர் சிஸ்டர். எந்த கம்பெனி வண்டியா இருந்தாலும் வெடிக்கும்.”

முன்சக்கரம் இழுக்கும் கார்களின் வயோதிகம் முதலில் தெரிவது அங்கேதான். சிவி ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ், டை ராட் எண்டு, இன்ஜின் மவுன்டிங். இழுப்பு, திருப்பு, பாதிக்கு மேல் பிரேக்... எல்லாச் சுமையும் முன்பக்கம்தான். இவை தேய்ந்தால், சிறந்த இன்ஜின் இருந்தும் கார் தள்ளாடும். இவற்றை மாற்றினால் கார் பத்து வயசு குறைந்த மாதிரி ஆகிவிடும்.

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகரில் 2022-ல் கடைசி கார் வெளியே வந்தது. ஃபியட்டும் போய்விட்டது. போலோவும் 2022-ல் நின்றுவிட்டது. போன வருஷம், மறைமலை நகரில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் 2029 முதல் இன்ஜின் தயாரிக்கப் போவதாக ஃபோர்டு தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஊருக்கு வேலை வரும், சந்தோஷம். ஆனா, அந்த இன்ஜின்கள் ஏற்றுமதிக்கு. ஐகானின் டோர் பீடிங் அதில் வராது.

அதனால் வேட்டை தொடர்கிறது. புதுசாக ஏதாவது கிடைக்குமா என்று ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழசு கழற்றியது கிடைக்குமா என்று புதுப்பேட்டை. நான் போன அன்று ஒரு கடையில் லோயர் ஆர்ம் கிடைத்தது, பூட் கிடைத்தது, டெயில் லேம்ப் கிடைக்கவில்லை. மாமாவிடம் போனில் சொன்னேன். “அந்த லைன்ல எத்தனை பீஸ் போயிருக்கும் தெரியுமா... அப்ப ஒண்ணு எடுத்து வெச்சிருக்கலாம்” என்றார்.

இன்னொரு தட்டுப்பாடு பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயசு. இந்த இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே மவுன்டிங் போய்விட்டது என்று சொல்லும் ஆள். அவருடைய பட்டறையில் வேலை கற்றுக்கொள்ளும் பையன்கள் யாரும் இல்லை. பாகத்தையாவது எங்கிருந்தாவது வரவழைக்கலாம். அந்தக் காது எங்கிருந்து வரும்?

வாங்கப் போறீங்களா? இதைப் படிச்சுட்டுப் போங்க!

இன்ஜினைவிட உடம்பைப் பாருங்கள். இன்ஜினை இறக்கி வேலை செய்யலாம். அடித்தளம் துருப்பிடித்திருந்தால் டிங்கரிங் செலவு காரின் விலையைத் தாண்டும். மிதியடிகளைத் தூக்கி, ஸ்டெப்னி குழியைத் திறந்து பாருங்கள்.

காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, இரண்டு பக்கமும் மெதுவாக வட்டம் அடியுங்கள். ‘டக் டக்’ சத்தம் வந்தால் சிவி ஜாயின்ட் செலவை விலையில் கழியுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். ‘3519’ என்றால் 2019-ன் 35-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும், ஆறேழு வருஷத்தைத் தாண்டிய டயரை நம்பி வளைவில் போகாதீர்கள்.

வாங்கிய முதல் வாரமே ஃபியூயல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஆர்.சி எப்போது முடிகிறது என்று பாருங்கள். முடிவதற்கு 60 நாள் முன்னாலிருந்து படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்கலாம். தாமதமானால் காருக்கு மாசம் 500 ரூபாய் கூடுதல். 2013 போலோ ஜிடி வாங்குகிறீர்கள் என்றால், 2028-ல் அதற்கு 15 வயசு. அந்தச் செலவை இன்றே விலையில் பேசுங்கள்.

சத்தம் போடும் எக்ஸாஸ்ட் ஆசை வேண்டாம். கம்பெனி கொடுத்த வடிவத்தை அனுமதியில்லாமல் மாற்றுவது சட்டப்படி தப்பு. ஆர்.டி.ஓ-வில் வண்டியைக் காட்டும்போது அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

கடைசியாக ஒன்று. எல்லா கார்களுக்கும் ஏபிஎஸ்ஸும், ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயமானதே 2019-ல்தான். பழைய காரில் அவை இல்லாமல் இருக்கலாம். மழையில், சடன் பிரேக்கில் சக்கரம் லாக் ஆனால் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. இருக்கிற ஒரே ஒரு காராக, வீட்டில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு தினமும் ஹைவேயில் போக வேண்டும் என்றால், தயவுசெய்து இந்த ஆசையைத் தள்ளிப் போடுங்கள். இது இரண்டாவது காராக இருக்க வேண்டிய கார்.

சரி, நான் என்ன முடிவு எடுத்தேன்?

கணக்கை ஒரு பேப்பரில் எழுதி மாமாவிடம் காட்டினேன். புதுப்பிப்பு 10,000. இன்ஷூரன்ஸ் 7,897. பூட், புஷ், ஹோஸ், நான்கு டயர். காரின் மார்க்கெட் விலையைவிட அது கூடவே வந்தது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். “இவ்ளோ செலவு பண்ணணுமா பாப்பா?” என்றார்.

பண்ணலாம் என்றுதான் முடிவு செய்திருக்கிறேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. பதிவைப் புதுப்பிக்கும் முன், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் ஆக்ஸிஜன் சென்சாரையும் சோதித்துப் பார்ப்பது. கெட்டுப்போயிருந்தால் மாற்றுவது. மாற்ற முடியவில்லை என்றால், புகை விட்டுக்கொண்டு ஊரைச் சுற்றுவதில்லை. பதிவு செய்யப்பட்ட ஸ்கிராப் மையத்தில் முறைப்படி ஒப்படைத்து, சர்ட்டிஃபிகேட் வாங்கிக்கொள்வது. ரோட்டில் நடந்து போகிறவருக்கு என் காரின் மேல் எந்தப் பாசமும் கிடையாதே!

அடுத்த வாரம் கார் லிஃப்ட்டில் ஏறுகிறது. மெக்கானிக் அண்ணனிடம் நேரம் சொல்லியாகிவிட்டது. காலையில் நானும் வருகிறேன் என்று மாமா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.